ஜெமினி கணேசன்: தோற்கத் தெரிந்த நாயகன்

கேள்வி: 'நடிகையர் திலகம்' படத்தைப் பார்த்த பிறகுதான் ஜெமினி கணேசன் என்ற பெயரைக் கவனித்தேன். அவர் வெறும் காதல் நாயகன்தானா? எம்.ஜி.ஆரும் சிவாஜியும் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அவர் எப்படி நிலைத்து நின்றார்? அவருடைய பழைய வேடங்களில் எவற்றை இன்று தேடிப் பார்க்கலாம்?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த படம் சாவித்திரியின் வாழ்க்கை. அதில் கணேசன் ஒரு துணைப்பாத்திரம். அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி வேண்டிய அளவுக்கு மேலேயே எழுதிவிட்டார்கள். திரையில் அவர் என்ன செய்தார் என்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதவில்லை. எனவே அதை மட்டும் பேசுகிறேன்.

'காதல் மன்னன்' என்ற பட்டம் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அதே பட்டம் அவருடைய நடிப்பை மூடியும் மறைத்துவிட்டது. அந்தப் பட்டத்தைக் கேட்கிறவர்கள், பூங்காவில் மரத்தைச் சுற்றிப் பாடி, கடைசியில் பெண்ணைக் கைப்பிடிக்கும் ஒருவரை நினைத்துக்கொள்கிறார்கள். அவருடைய சிறந்த படங்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 'கல்யாணப் பரிசு' படத்தில் காதலித்தவள் கிடைக்கவில்லை. 'சுமைதாங்கி'யில் காதலையும் விட்டு, வீட்டையும் விட்டுப் பாதிரியாராகிவிடுகிறார். 'களத்தூர் கண்ணம்மா'வில் மனைவியைத் தவறாக நினைத்துப் பல ஆண்டுகளை வீணாக்குகிறார். 'கற்பகம்' படத்தில் மனைவியை இழக்கிறார். 'இரு கோடுகள்' படத்தில் இரண்டு மனைவியருக்கு நடுவே கூனிக் குறுகுகிறார். இவர்களில் மன்னன் யார்? எல்லோரும் தோற்றுப்போன மனிதர்கள். தோல்வியைத் தாங்கி நிற்கிற ஆணைத் தமிழ்த் திரையில் நம்பும்படி காட்டியவர் கணேசன். அவருடைய தனிச்சொத்து அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

எம்.ஜி.ஆர். படத்தில் நாயகன் தோற்க முடியாது. தோற்றால் அரங்கில் இருக்கும் ஏழைக்கு நம்பிக்கை போய்விடும். சிவாஜி தோற்பார்; ஆனால் அந்தத் தோல்வி கோபுரம் சரிகிற மாதிரி இருக்கும், ஊரே திரும்பிப் பார்க்கும். கணேசனின் தோல்வி பக்கத்து வீட்டில் நடப்பது. சத்தம் கேட்காது. மறுநாள் அந்த மனிதர் வழக்கம்போல் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்படி ஒரு நடிப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால், அவர் வந்த வழியே கொஞ்சம் விடை சொல்கிறது. நாடக மேடையில் தொண்டை கிழிய வசனம் பேசி வளர்ந்தவர் அல்லர் அவர். புதுக்கோட்டையில் 1920-ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் படித்தார். அங்கேயே சிறிது காலம் அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் பணியிலும் இருந்தார். 1947-இல் ஜெமினி ஸ்டூடியோவில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். வாய்ப்புத் தேடி வருகிறவர்களைப் பார்ப்பதும், தேர்வு செய்வதற்கு உதவுவதும் அவருடைய வேலையில் ஒரு பகுதி. எத்தனை முகங்கள் நம்பிக்கையோடு உள்ளே வந்து வாடித் திரும்பியதைப் பார்த்திருப்பார்! அந்த ஆண்டே 'மிஸ் மாலினி'யில் சின்ன வேடம். பிறகும் சில்லறை வேடங்கள்தான். 1952-இல் 'தாய் உள்ளம்' படத்தில் வில்லனாக வந்தார். அதில் கதாநாயகன் ஆர்.எஸ்.மனோகர். பின்னாளில் மனோகர் பெயர்பெற்ற வில்லனாகவும், கணேசன் நாயகனாகவும் இடம் மாறிக்கொண்டது தமிழ்த் திரையுலகத்தின் அழகான திருப்பங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு 'மனம்போல மாங்கல்யம்' படத்தில் இரட்டை வேடம், ஜோடி சாவித்திரி. அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

1955-இல் வந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் அவருடைய துணிச்சல் புரியும். அழகுதான் முதலீடு என்றிருக்கும் வளரும் நடிகர் 'கணவனே கண்கண்ட தெய்வம்' படத்தில் முதுகு கூனிய, உருக்குலைந்த தோற்றத்தில் வருகிறார். மாயமந்திரக் கதைதான், இன்றைய கண்ணுக்குப் பல இடங்கள் குழந்தைத்தனமாகத் தெரியும். ஆனால் அந்த உருவத்தோடு அவர் அஞ்சலி தேவியின் முன்னால் நிற்கும்போது, தன்னை இவள் எப்படிப் பார்ப்பாளோ என்ற கூச்சம் ஒன்று அவரிடம் இருக்கிறது. அந்தக் கூச்சம் அவருடைய பிற்கால வேடங்கள் எல்லாவற்றிலும் மறைவாக ஓடிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

இன்னொன்று 'மிஸ்ஸியம்மா'. எல்.வி.பிரசாத் இயக்கம், விஜயா நிறுவனத் தயாரிப்பு. இதே கதை தெலுங்கிலும் எடுக்கப்பட்டது. அங்கே நாயகன் என்.டி.ராமராவ். வேலை கிடைக்காத இரண்டு பேர், அவர் இந்து, அவள் கிறித்தவப் பெண், ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவி போல நடிக்கிறார்கள். படம் முழுவதும் சாவித்திரிக்குக் கோபம். மூக்கு நுனியில் நிற்கிற அந்தக் கோபம்தான் படத்தின் உயிர். அதற்கு எதிரே கணேசன் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பதிலுக்குக் கத்துவதில்லை. அடக்குவதில்லை. அவள் பேசி முடிக்கும் வரை காத்திருக்கிறார். முகத்தில் ஒரு சிறு புன்னகை, அதில் குறும்பு பாதி, பொறுமை பாதி. 'வாராயோ வெண்ணிலாவே' பாட்டில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்வது நிலாவிடம். ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்க மனமில்லாத இருவருக்கு நடுவே காதல் எப்படி நுழைகிறது என்பதை அந்த ஒரு பாட்டில் காட்டிவிட்டார்கள். ஏ.எம்.ராஜாவின் குரல் அந்த முகத்துக்காகவே செய்தது போலப் பொருந்துகிறது. ஆண் குரலில் முறுக்கு இல்லை, அதிகாரம் இல்லை. அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

ராஜா ராணிக் கதைகளை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடலாம். 'மாயா பஜார்' தமிழில் அபிமன்யு அவர்தான். ஆனால் அந்தப் படம் கடோத்கஜனாக வந்த ரங்காராவுக்கும் சாவித்திரிக்கும் உரியது. 'பார்த்திபன் கனவு' பார்க்கச் சுவையானது. வாள் அவர் கைக்குப் பொருந்தவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீரவசனம் பேசும்போது அவருடைய குரல் மெலிந்துவிடும். ஆனாலும் 1958-இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. எஸ்.எஸ்.வாசனே தயாரித்து இயக்கிய படம். அவருடைய ஸ்டூடியோவில் மாதச் சம்பளம் வாங்கிய இளைஞர், பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய பிரம்மாண்டமான படத்துக்கே கதாநாயகன். பத்மினியும் வைஜயந்திமாலாவும் மோதுகிற போட்டி நடனத்தை இன்றும் உலகம் முழுவதும் பார்க்கிறார்கள். அந்தக் காட்சியில் நாயகனுக்கு வேலையே இல்லை, பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர. இரண்டு பெண்களும் விஸ்வரூபம் எடுக்கட்டும் என்று ஒதுங்கி நின்றுகொடுக்க எத்தனை நாயகர்கள் சம்மதிப்பார்கள்?

'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் வெள்ளையத்தேவனாக வந்ததும் அப்படித்தான். சிவாஜி சிங்கமாகக் கர்ஜிக்கிற படம் அது. அதில் கணேசனுக்கு வாய்த்தது ஒரு வீரனின் வீட்டு வாழ்க்கை. கெட்ட கனவு கண்ட மனைவி போருக்குப் போகாதே என்று தடுக்க, அவளை விலக்கிவிட்டுப் போகிற இடத்தில், அவருடைய உடம்பு வாசலுக்குப் போகிறது, மனம் பத்மினியிடமே நிற்கிறது. போர்க்களக் காட்சிகள் மறந்துபோகின்றன. அந்த வாசல் மறப்பதில்லை.

இனி 'கல்யாணப் பரிசு'. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1959-இல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய படம். அதுவரை அவர் வசனகர்த்தா. இசை ஏ.எம்.ராஜா, பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். பாஸ்கர் கல்லூரி மாணவன். உடன் படிக்கும் வசந்தியைக் காதலிக்கிறான். அவர்கள் வீட்டு மாடியிலேயே குடிவருகிறான். சைக்கிளில் போய்க்கொண்டே பாடுகிற 'வாடிக்கை மறந்ததும் ஏனோ' பாட்டில் உலகமே அவர்களுக்குச் சொந்தம் போல இருக்கும். வசந்தியின் அக்கா கீதாவும் அவன் மேல் ஆசை வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. உழைத்து வளர்த்த அக்காவுக்காகத் தங்கை காதலை விட்டுக்கொடுக்கிறாள். அக்காவைக் கல்யாணம் செய்துகொள் என்று அவனையே கேட்கிறாள். அவன் ஒப்புக்கொள்கிறான்.

என் அம்மா இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த இடத்தில் பாஸ்கரைத் திட்டுவார். "வாயைத் திறந்து முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே?" என்பார். நான் பல ஆண்டுகள் அம்மாவின் கட்சியில்தான் இருந்தேன். பிறகு ஒருமுறை தனியாகப் பார்த்தபோதுதான் கணேசன் அந்த இடத்தில் செய்திருப்பது புரிந்தது. பாஸ்கர் நல்லவன், ஆனால் பலமில்லாதவன். தியாகம் செய்கிற உயரமும் அவனிடம் இல்லை, மறுக்கிற உறுதியும் இல்லை. அவன் தள்ளப்படுகிறான். கல்யாணத்துக்குப் பிறகு கீதாவிடம் அவன் காட்டுகிற அன்பில் ஒரு கடமை நெடி இருக்கிறது. அவளோடு பேசும்போது கண் வேறெங்கோ இருக்கிறது. கீதா இதனால் நொந்துபோகிறாள். நாயகனால் ஒரு நல்ல பெண் துன்பப்படுகிறாள் என்பதை மழுப்பாமல் காட்டிய படம் இது. 'உன்னைக் கண்டு நான் ஆட' என்ற பாட்டு ஒரு முறை மகிழ்ச்சியாகச் சுசீலா குரலிலும், ஒரு முறை சோகமாக ராஜா குரலிலும் வருகிறது. ஒரே தீபாவளி, ஒரு வீட்டில் மத்தாப்பு, ஒரு மனத்தில் இருட்டு.

முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கீதா இறந்துபோகிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாஸ்கர் வசந்தியைத் தேடி வருகிறான். அவன் வந்து சேர்வதற்குள் அவளுக்கு வேறொருவரோடு கல்யாணம். குழந்தையை அவளிடம் பரிசாகக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கிறான். அந்த நடையைப் பாருங்கள். அழுகை இல்லை, நெஞ்சில் அடித்துக்கொள்வதில்லை. தோள் மட்டும் சற்றுத் தொங்கியிருக்கிறது. கையில் இத்தனை நேரம் இருந்த பாரம் இறங்கிவிட்டது. இனி அந்தக் கைகளுக்கு வேலையே இல்லை. படம் பெரிய வெற்றி. தோற்றவனைத் தோற்றவனாகவே அனுப்பிவைத்த ஒரு படத்தைத் தமிழ் மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அந்தக் காலத்து ரசிகர்களைப் பற்றி நாம் கொஞ்சம் மரியாதையோடு நினைக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு 'களத்தூர் கண்ணம்மா'. கமல்ஹாசன் குழந்தையாக அறிமுகமான படம் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். 'அம்மாவும் நீயே' பாட்டு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஜமீன்தார் மகன் ராஜலிங்கம் ஏழைக் குடியானவர் மகளை ரகசியமாக மணக்கிறான், வெளிநாடு போகிறான், திரும்பி வந்து அவளைத் தவறாக நினைத்துக் குமைகிறான். தன் மகன் என்று தெரியாமலேயே ஒரு அநாதைச் சிறுவனிடம் மனம் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சிறுவனோடு அவர் இருக்கும் காட்சிகளில் ஒரு பெரிய மனிதரின் தோரணை கொஞ்சம் கொஞ்சமாக உருகுகிறது. குழந்தைகளோடு நடிக்கத் தெரிந்த நாயகர்கள் நம்மிடம் குறைவு. குழந்தை பேசும்போது அவர் உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்பார். 1966-இல் வந்த 'ராமு'விலும் இதையே இன்னும் ஆழமாகச் செய்தார். போரிலிருந்து திரும்பும் ராணுவ வீரன், பேச்சை இழந்த மகன். எதிரே இருப்பவன் பேசவே மாட்டான் என்ற நிலையில் நடிகனுக்கு மிஞ்சுவது கண்ணும் மௌனமும்தான். கிஷோர் குமார் இந்தியில் எடுத்த படத்தின் தழுவல் அது. தமிழ் வடிவத்தை நான் அதைவிட ஒரு படி மேலாகவே வைப்பேன்.

1961-ஐ அவருடைய பொன்னான ஆண்டு என்று சொல்லலாம். 'பாசமலர்' படத்தில் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே வந்து நிற்கிற மாப்பிள்ளை ஆனந்தன். நினைத்துப் பாருங்கள், சிவாஜியும் சாவித்திரியும் போட்டி போட்டு நடிக்கிற படம். மூன்றாவது ஆளாக நிற்பதே கடினம். தொழிலாளர்களின் தலைவனாக அண்ணனை எதிர்த்துப் பேச வேண்டும், வீட்டில் அவருடைய தங்கைக்குக் கணவனாகவும் இருக்க வேண்டும். அவர் குரலை உயர்த்தாமல் அந்த எதிர்ப்பைக் கொண்டுவந்தார். அவர் மிகையாக ஏதாவது செய்திருந்தால் மொத்தப் படமும் கூச்சலாகிப் போயிருக்கும். 'பாவ மன்னிப்பு' படத்தில் 'காலங்களில் அவள் வசந்தம்'. 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் வ.உ.சி.யாக சிவாஜி, தலைமறைவாகத் திரியும் புரட்சிக்காரன் மாடசாமியாக கணேசன். பாரதியாரின் 'காற்று வெளியிடைக் கண்ணம்மா' அவருக்கும் சாவித்திரிக்கும் அமைந்தது. ஜி.ராமநாதனின் மெட்டு, பி.பி.ஸ்ரீனிவாஸ், சுசீலா குரல்கள். சிறையும் தூக்குக்கயிறும் சூழ்ந்த ஒரு கதைக்குள் அந்தப் பாட்டு ஒரு சிறு சன்னல் போலத் திறந்து மூடுகிறது.

குரல் பற்றிச் சொல்லாமல் கணேசனைப் பற்றிய பேச்சு முழுமையாகாது. முதலில் ஏ.எம்.ராஜா, பிறகு பி.பி.ஸ்ரீனிவாஸ், அறுபதுகளின் கடைசியில் 'சாந்தி நிலையம்' படத்தில் 'இயற்கை என்னும் இளைய கன்னி'யோடு தமிழில் அடியெடுத்து வைத்த எஸ்.பி.பாலசுப்ரமணியம். மூவரும் மைக்குக்கு மிக அருகில் நின்று, ஒருவர் காதில் சொல்வதுபோலப் பாடுகிறவர்கள். அவர் படங்களில் டி.எம்.சௌந்தரராஜனும் பாடியிருக்கிறார், ஆனால் அந்த வெண்கலக் குரல் வரும்போது எனக்கு ஏனோ வேறு ஒருவர் உள்ளே வந்து பாடுவதுபோல இருக்கும். 1962-இல் ஸ்ரீதர் இயக்கிய 'சுமைதாங்கி'யில் 'மயக்கமா கலக்கமா' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையை விட்டே போய்விடலாம் என்று மூட்டை கட்டிய கவிஞர் வாலி, ஸ்ரீனிவாஸ் பாடிக்காட்டிய இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தங்கிவிட்டதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். கண்ணதாசன் எழுதிய ஆறுதல் அது. குடும்பத்தின் சுமையெல்லாம் தன் தலையில் விழுந்த ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற ஆறுதல். எதிரே யாரும் இல்லை. கணேசன் அந்தப் பாட்டில் அங்க அசைவுகளைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அடக்கிவிடுகிறார். பாட்டு அவருக்குள் நடக்கிறது.

அதே ஆண்டு 'கொஞ்சும் சலங்கை'. 'சிங்கார வேலனே தேவா' பாட்டில் நாதசுரம் காருகுறிச்சி அருணாசலம், குரல் எஸ்.ஜானகி. திரையில் நாதசுரத்தைப் பிடித்திருப்பவர் கணேசன், பாடுபவர் சாவித்திரி. கருவிக்கும் குரலுக்கும் நடக்கும் அந்த உரையாடலில், அவள் ஒரு சங்கதி பாடி முடிக்கும்போது அவர் கண்ணில் ஒரு மெச்சுதல் தெரியும். வித்துவான் இன்னொரு வித்துவானுக்குக் கொடுக்கிற மரியாதை அது. நாதசுரம் தெரிந்தவர்கள் அவர் விரல்களில் குறை காணலாம். கண்ணில் காண முடியாது.

'கற்பகம்' 1963-இல் வந்தது. கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் எழுதி இயக்கியது, கே.ஆர்.விஜயாவுக்கு முதல் படம். இந்தப் படம் ஓடிய ஓட்டத்தில் இயக்குநர் கட்டிய ஸ்டூடியோவுக்கும் கற்பகம் என்றே பெயர். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கப் பலர் தவறிவிடுகிறார்கள். படத்தில் எல்லாப் பாடல்களையும் பாடியவர் பி.சுசீலா. ஆண் குரலே கிடையாது. காதல் மன்னன் என்று பெயரெடுத்தவர், பாட்டால் வளர்ந்தவர், தனக்கு ஒரு பாட்டும் இல்லாத படத்தில் நாயகனாக நடித்தார். அவர் செய்ய வேண்டியதெல்லாம் பெண்கள் பாடுவதைக் கேட்பது.

வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை சுந்தரம். மாமனார் ரங்காராவ், பெற்ற மகனைவிட இவன் மேல் பாசம் அதிகம். மனைவி கற்பகம் இறந்துபோகிறாள். மகளை இழந்த அந்த மாமனாரே மருமகனுக்கு மறுமணம் செய்துவைக்கிறார். புது மனைவியாக சாவித்திரி. இவனால் அவளைத் தொட முடியவில்லை. 'மன்னவனே அழலாமா' பாட்டில் இறந்துபோனவள் வந்து பாடுகிறாள், இவன் அழுகிறான். ஆண்பிள்ளை அழலாமா என்று ஊர் கேட்கும் கேள்வியையே, அன்பாக மாற்றி, மனைவி கேட்கிறாள்.

இந்தப் பாட்டை நான் முதலில் பார்த்தது எங்கள் தெருவில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காலத்தில். ஞாயிற்றுக்கிழமை மாலை, தூர்தர்ஷனில் படம். கூடம் நிறையக் கூட்டம். எதிர் வீட்டுத் தாத்தா ஒருவர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு பாதியில் இருக்கும்போது எழுந்து, யாரையும் பார்க்காமல், திண்ணைக்குப் போய்விட்டார். பாட்டி இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருக்கும். துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் விறைப்பாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவனை அழ விட்டிருக்கிறார்களே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தச் சொல் புரிய நெடுநாள் ஆனது.

கணேசனின் நாயகிகளுக்கு ஏன் அவ்வளவு நல்ல வேடங்கள் அமைந்தன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அவர் இடம் கொடுத்தார். அவர் முன்னால் நிற்கும்போது சாவித்திரி, சரோஜாதேவி, விஜயகுமாரி, கே.ஆர்.விஜயா, சௌகார் ஜானகி யாரும் சுருங்கிப்போகவில்லை.

அறுபதுகளின் பின்பாதியில் அவருக்கு வந்த படங்களில் பலவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் கல்லூரி இளைஞனாகக் காதல் பாட்டுப் பாடவைத்தார்கள்; உடம்பு கனத்துவிட்டது, கண்ணில் சோர்வு. அவரைக் காப்பாற்றிப் புது வாழ்வு கொடுத்தவர் கே.பாலசந்தர். வயதை ஒளிக்காமல், அதையே வேடத்துக்கு மூலப்பொருளாக்கினார்.

1969-இல் 'இரு கோடுகள்'. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குமாஸ்தா கோபிநாத். வீட்டில் மனைவி ஜெயந்தி, குடும்பம், கையிருப்புக்கு ஏற்ற கவலைகள். புதிதாக வந்திருக்கும் கலெக்டர் யார் என்று பார்த்தால், இளமையில் மணந்து பிரிந்த முதல் மனைவி, சௌகார் ஜானகி. இனி அவர் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் பெயர் சொல்லி அழைத்தவளை அதிகாரியாக மதித்துப் பேச வேண்டும். இந்த வேடத்தை அக்காலத்துப் பெரிய நாயகன் வேறு யாரால் ஏற்றிருக்க முடியும்? அந்த அலுவலகக் காட்சிகளில் அவருடைய முதுகைப் பாருங்கள். குமாஸ்தாவின் முதுகு அது. நிமிர்ந்தும் நிமிராமலும் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் சற்று நிமிரும். ஜெயந்தியின் சந்தேகம் வளர வளர வீட்டிலும் குனியத் தொடங்கும். இரண்டு பெண்களும் 'புன்னகை மன்னன்' பாட்டில் உரிமைப் போர் நடத்தும்போது, நடுவில் இவர் படும் பாடு! தவறு செய்தவன் என்று அவரை வெறுக்கவும் முடியாது, ஒன்றும் அறியாதவன் என்று விடவும் முடியாது. ஒரு கோட்டைத் தொடாமலேயே சிறியதாக்கப் பக்கத்தில் பெரிய கோடு போடு என்பது படத்தின் அடிநாதம். அந்தக் கோட்டைப் பெண்கள் இருவரும் போட, இவர் காகிதமாக இருந்தார் என்பேன். தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக அது தேர்வானது.

'புன்னகை' 1971-இல். இந்தி 'சத்யகாம்' படத்தின் தமிழ் வடிவம். உண்மையை விடாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இழக்கும் மனிதன். படம் சில இடங்களில் பாடம் நடத்துகிறது. ஆனால் அவர் நடத்தவில்லை. அந்த ஆண்டுதான் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

1974-இல் தன் கைப்பணத்தைப் போட்டு 'நான் அவனில்லை' படத்தைத் தயாரித்தார். இயக்கம் பாலசந்தர்தான். ஆச்சார்ய அத்ரேயின் புகழ்பெற்ற மராத்தி நாடகம் இதற்கு மூலம். பல பெயர்களில், பல வேடங்களில் பெண்களை ஏமாற்றி மணந்ததாக ஒருவன் குற்றக் கூண்டில் நிற்கிறான். அது நானே இல்லை என்று சாதிக்கிறான். ஐம்பத்து மூன்று வயதில், இருபது ஆண்டுகளாகத் தனக்கு ஒட்டியிருந்த காதல் பிம்பத்தை அவர் எடுத்து, அதன் மறுபக்கத்தைக் காட்டினார். கனிவான அதே பார்வை, மென்மையான அதே குரல். ஆனால் இங்கே அது பெண்ணைப் பிடிக்கும் தூண்டில். ஒவ்வொரு வேடத்துக்கும் பேச்சையும் நடையையும் மாற்றியிருக்கிறார். அவருக்கு நடிக்க வராது என்று யாராவது சொன்னால் இந்தப் படத்தைத்தான் நான் எடுத்து வைப்பேன். அரங்குகளில் படம் ஓடவில்லை. காதல் மன்னனை மோசடிக்காரனாகப் பார்க்க மக்களுக்கு மனம் இல்லை போலும். அந்த ஆண்டின் சிறந்த தமிழ் நடிகருக்கான பிலிம்பேர் விருது மட்டும் தேடி வந்தது. எனக்கு இன்றும் ஆறாத ஒரு வருத்தம் உண்டென்றால், அந்தப் படம் வெற்றி பெற்றிருந்தால் அவர் இன்னும் என்னென்ன செய்திருப்பார் என்பதுதான்.

பிறகு நீண்ட இடைவெளி. 1988-இல் பாலசந்தரே மீண்டும் அழைத்தார். 'உன்னால் முடியும் தம்பி' படத்தில் பிலஹரி மார்த்தாண்டம் பிள்ளை. சங்கீதமே கடவுள், ஆசாரமே சட்டம் என்று வாழ்கிற வித்துவான். மகனாக கமல்ஹாசன். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அநாதை இல்லத்தில் இவரைப் பார்த்துச் சிரித்த அதே குழந்தை இப்போது ஆளாகி எதிரே நின்று கேள்வி கேட்கிறது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணைக் காதலிக்கிற மகனை அவர் ஏற்க மறுக்கிறார். வாழ்நாள் முழுவதும் விட்டுக்கொடுக்கும் ஆணாக நடித்தவர், இங்கே விட்டுக்கொடுக்கவே தெரியாத ஆணாக வருகிறார். மகன் வாசலைத் தாண்டிப் போகும்போதும் அவர் தம்பூராவைப் போலவே விறைப்பாக உட்கார்ந்திருப்பார். உள்ளே எதுவோ அறுந்துவிட்டது என்பது மட்டும் நமக்குத் தெரியும். கடைசியில் மகனிடம் தோற்பதை ஏற்கும்போது, அந்தத் தோல்வியை அவர் எவ்வளவு அழகாகச் செய்கிறார்! முப்பது ஆண்டுப் பயிற்சி அது. 1996-இல் 'அவ்வை சண்முகி'யில் மாமியாக வேடமிட்ட அதே கமலிடம் மனத்தைப் பறிகொடுக்கும் விஸ்வநாத ஐயராக வந்தபோது அவருக்கு வயது எழுபத்தைந்து. தமிழ்நாடே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளும், தனிமையில் இருக்கும் ஒரு முதியவரின் ஆசையைக் கொச்சைப்படுத்தாமல் காப்பாற்றினார். 2005 மார்ச் 22 அன்று அவர் மறைந்தார்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். சிரித்துக்கொண்டே தொடங்க 'மிஸ்ஸியம்மா'. அடுத்து 'கல்யாணப் பரிசு', பிறகு 'இரு கோடுகள்', பிறகு 'நான் அவனில்லை'. இந்த வரிசையை மாற்றாதீர்கள், முன்னவற்றைப் பார்த்தால்தான் கடைசிப் படத்தின் அதிர்ச்சி உங்களுக்குக் கிடைக்கும். 'கற்பகம்' படத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டாம். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். 'மன்னவனே அழலாமா' வரும்போது அவர்களில் யாராவது எழுந்து வெளியே போனால், உடனே பின்னால் போகாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொம்பு தண்ணீரோடு போங்கள்.